தன் பெயரில் விற்கப்படாத கல்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"உங்கள் தொழிலைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் காக்கா சொன்னார். கல் வியாபாரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் விலை கேட்பீர்கள். அதனால் ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் டூர்மலின்.

கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள். நான்கு பேர். அதில் ஒருவர் என் மனைவி.

மாணிக்கம், மரகதம், நீலம், கோமேதகம், வைடூரியம் என்றால் எல்லாருக்கும் தெரியும். தேக்காவில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் நவரத்தின மோதிரம் இருக்கும். அந்த ஒன்பதில் டூர்மலின் கிடையாது. ஆனால் மாணிக்கத்தைப் போன்ற சிவப்பிலும் வரும், மரகதத்தைப் போன்ற பச்சையிலும் வரும், கோமேதகத்தைப் போன்ற தேன் நிறத்திலும் வரும். நீலம், மஞ்சள், ரோஜா, கறுப்பு எல்லாம் உண்டு. ஒரே கல்லில் வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று தர்ப்பூசணித் துண்டு மாதிரியும் வரும். இத்தனை அழகிருந்தும் பட்டியலில் இடம் இல்லாததால், நம்மிடையே அது பெரும்பாலும் அடுத்தவர் பெயரிலேயே கைமாறி வந்திருக்கிறது. நான் சொல்ல வந்ததும் இந்தப் பெயர் விஷயத்தைத்தான்.

இந்தக் கல்லின் உலகப் பெயர் பிறந்தது நம் பக்கத்துக் கடலில். சிங்களத்தில் "தோரமல்லி" என்று ஒரு சொல் உண்டு. இன்ன கல் என்று பிரித்துச் சொல்ல முடியாத பல நிறக் கற்களுக்குப் பொதுவாக வழங்கிய சொல் அது. இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் 1658 முதல் 1796 வரை கையில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பொட்டலம் பொட்டலமாக ஐரோப்பாவுக்குப் போன கற்களோடு இந்தச் சொல்லும் கப்பலேறியது. அங்கே போய் டூர்மலின் ஆனது.

என் குடும்பத்துக்கு இதில் கொஞ்சம் சொந்தம் உண்டு. வாப்பாவின் ஊர் காயல்பட்டினம். அங்கே ஒரு வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள் இருந்தால் ஒருவராவது கொழும்பு, ஜெய்ப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று கல்லோடு போயிருப்பார். என் பாட்டனார் கொழும்பில் இருந்தவர். இரத்தினபுரியில் நிலத்தைத் தோண்டி, கல் கலந்த சரளை மண் படிவத்தை எடுத்து, கூடையில் போட்டு ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். அந்தப் படிவத்துக்கு அங்கே "இல்லம்" என்று பெயர். நமக்கு இல்லம் என்றால் வீடு. அவர்களுக்கு இரத்தினம் இருக்கும் மண். பொருத்தமான பெயர்தான். அப்படிக் கிடைக்கும் கற்கள் பேருவளை சந்தைக்கு வரும். அங்கே வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் நம் முஸ்லிம் சகோதரர்கள். போய்ப் பார்த்திருக்கிறேன். சந்தையில் நிற்பவர் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் பிரிப்பார். ஒரு கட்டிடத்தின் விலை அதற்குள் இருக்கும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

இலங்கையில் கிடைக்கும் டூர்மலினில் பழுப்பும் மஞ்சளும் மங்கிய பச்சையும்தான் அதிகம். அதில் ஒரு வகைக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் பெயர் "ஊவைட்". ஊவா மாகாணத்தின் பெயர் அது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் உறவினர்கள் உள்ளவர்கள் இங்கே இருந்தால், உங்கள் மாகாணத்தின் பெயர் உலகம் முழுதும் கனிமவியல் பாடத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இப்போது பாலிடெக்னிக் பாடம் கொஞ்சம். நான் படித்தது மின்னணுவியல் டிப்ளோமா. "கல் கடையில் உட்காரவா அதைப் படித்தாய்?" என்று உறவினர்கள் கேட்காத கல்யாண வீடு இல்லை. அவர்களுக்கெல்லாம் இந்தக் கல்தான் என் பதில்.

டச்சுக்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் "சாம்பல் இழுப்பான்". சுருட்டுக் குழாயில் புகையிலை எரிந்து முடிந்ததும், சூடாக்கிய டூர்மலின் துண்டு ஒன்றை உள்ளே காட்டுவார்கள். சாம்பல் தானாக வந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும். காந்தம் இரும்பை இழுக்கும், சரி. ஒரு கல் ஏன் சாம்பலை இழுக்க வேண்டும்? 1747இல் லின்னேயஸ், இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், இதை "மின்சாரக் கல்" என்றே குறிப்பிட்டார். 1756இல் ஏபினஸ் என்ற அறிஞர் காரணத்தைச் சோதித்துக் காட்டினார். டூர்மலின் படிகத்தைச் சூடாக்கினால் ஒரு முனையில் நேர் மின்னேற்றமும் மறு முனையில் எதிர் மின்னேற்றமும் உண்டாகின்றன. அதன் இரண்டு முனைகளும் ஒன்று போல் இல்லாதபடி அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். பிறகு 1880இல் கியூரி சகோதரர்கள், சூடு மட்டுமல்ல, அழுத்தினாலும் டூர்மலின், குவார்ட்ஸ் போன்ற படிகங்களில் மின்சாரம் பிறக்கிறது என்று காட்டினார்கள். உங்கள் அடுப்படியில் "டக்" என்று பொறி விடும் கேஸ் லைட்டர் இருக்கிறதே, அதில் இருப்பது டூர்மலின் அல்ல, ஆனால் வேலை செய்யும் தத்துவம் இதேதான். கடலுக்கடியில் குண்டு வெடித்தால் எவ்வளவு அழுத்தம் என்று அளக்கும் கருவிகளில் டூர்மலினையே வைத்தார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் மெல்லிய குரலில் கேட்பார்கள்: "இந்தக் கல்லுக்குச் சக்தி உண்டா தம்பி?" நான் உண்மையைச் சொல்வேன். எனக்குத் தெரிந்து சக்தி உள்ள கல் இது ஒன்றுதான். சாம்பலை இழுக்கும். கடனை இழுக்காது, மாப்பிள்ளையையும் இழுக்காது.

நிறம் எப்படி இத்தனை வந்தது? உம்மாமார்களுக்கு எளிதில் விளங்கும். அஞ்சறைப் பெட்டி ஒன்றுதான்; எந்த அறையில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறது. டூர்மலினில் சிலிக்கனும் ஆக்சிஜனும் போரானும் பெட்டி மாதிரி. உள்ளே உலோகங்களுக்கென்று இடங்கள் இருக்கின்றன. மாங்கனீசு வந்தால் ரோஜா நிறமும் சிவப்பும். இரும்பு வந்தால் பச்சை, நீலம்; அதிகமானால் கறுப்பு. குரோமியமோ வெனேடியமோ வந்தால் பளீர்ப் பச்சை. செம்பு வந்தால், விளக்குப் போட்ட மாதிரி ஒரு நீலம். பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் ஒரு மனிதர் ஆண்டுக் கணக்கில் குன்றைக் குடைந்து 1980களின் கடைசியில் வெளியே கொண்டுவந்தது இந்தச் செம்பு டூர்மலினைத்தான். இன்று நல்ல தரத்தில் ஒரு காரட் பல்லாயிரம் அமெரிக்க வெள்ளி.

சிங்கப்பூரில் நம் சீன வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கல்லை நம்மைவிட நன்றாகத் தெரியும். மாண்டரினில் "பீஷி" என்பார்கள். சிங் அரச காலத்தில் அதிகாரிகளின் தொப்பிக் குமிழிலும் அரசவை மாலைகளிலும் இது இருந்தது. பேரரசி சிஷிக்கு ரோஜா நிற டூர்மலின் மீது அப்படி ஒரு பிரியம். அமெரிக்காவின் சான் டியாகோ சுரங்கங்களிலிருந்து அவருக்காகவும் சீனச் சந்தைக்காகவும் பெட்டி பெட்டியாகக் கல் போனது. 1908இல் அவர் காலமானார். சில ஆண்டுகளில் அரச பரம்பரையே போய்விட்டது. அந்தச் சுரங்கங்களும் வாங்க ஆளில்லாமல் படுத்துவிட்டன. செதுக்கு வேலைக்கு இந்தக் கல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ரோஜா நிற டூர்மலினில் உள் விரிசல் அதிகம். பட்டை தீட்டினால் விரிசல் கண்ணில் குத்தும். பூவாகவும் பழமாகவும் புட்டியாகவும் செதுக்கினால் அது தெரியாது. சைனாடவுனில் செதுக்கிய ரோஜா நிறப் பதக்கம் பார்த்தால் இது நினைவுக்கு வரட்டும்.

சரி, பெயர் மாறிப் போன கதைக்கு வருகிறேன்.

பிரேசிலில் பெர்னாவ் தியாஸ் பாய்ஸ் என்று ஒருவர். அறுபது வயது தாண்டியவர். மரகதம் தேடி 1674இல் சாவ் பாவ்லோவிலிருந்து ஆட்களோடு காட்டுக்குள் போனார். ஏழு ஆண்டுகள். பசியிலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்தார்கள், திரும்பிப் போனார்கள். இனி போதும் என்று கலகம் செய்தவர்களில் அவருடைய மகனும் ஒருவன். அவனைத் தூக்கிலிட்டார். சொந்த மகனை. கடைசியில் பச்சைக் கற்கள் கிடைத்தன. 1681இல், மரகதத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு காய்ச்சலில் இறந்தார். அந்தக் கற்கள் டூர்மலின்.

அரண்மனையிலும் இதே கதைதான். 1777இல் சுவீடன் மன்னர் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குப் பெரிய மாணிக்கம் என்று ஒரு சிவப்புக் கல்லைப் பரிசளித்தார். இன்று அது மாஸ்கோவில் இருக்கிறது. சிவப்பு டூர்மலின்.

இவர்களுக்கெல்லாம் பல நூறு ஆண்டுகள் முன்பே, 973இல் பிறந்த நம் அல்பிரூனி ஒரு வழி வைத்திருந்தார். நிறத்தைப் பார்க்காதே, நிறையைப் பார் என்பது அவர் வழி. ஒரு பாத்திரம் செய்தார். அதில் நீரை நிரப்பிக் கல்லைப் போட்டால், வழியும் நீர் ஒரு குழாய் வழியாகக் கீழே தட்டில் விழும். கல்லின் எடை எத்தனை, அது வெளியேற்றிய நீரின் எடை எத்தனை என்று ஒப்பிட்டு, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கற்களைப் பிரித்தார். இரத்தினங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்றும் நாங்கள் செய்வது அடிப்படையில் அதுதான். மரகதம் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனம். டூர்மலின் 3 மடங்குக்குச் சற்று மேல். மாணிக்கம் 4 மடங்கு. கண்ணை ஏமாற்றலாம், தராசை ஏமாற்றுவது கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. அண்ணன், தங்கைகள் இருவர். யாரென்று கேட்காதீர்கள். தாயார் மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. நகைகளை மதிப்புப் போட்டு, ஷரீஅத் முறைப்படி பாகம் பிரிக்க வேண்டும். தங்கத்தை அவர்களே நிறுத்து வைத்திருந்தார்கள். கல் வைத்த உருப்படிகளுக்குத்தான் நான். அதில் ஒரு மோதிரம். ஊரில் எப்போதோ வாங்கியது, பெரிய பச்சைக் கல். "உம்மாவோட மரகதம்" என்றே மூவரும் சொன்னார்கள். அதை இளையவளுக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மரகதம் விலை கூடியது என்பதால், வளையல்களில் அவளுக்குப் பங்கு இல்லை என்றும் முடிவாகியிருந்தது.

மோதிரத்தில் பதித்த கல்லை அல்பிரூனி முறையில் தண்ணீரில் நிறுக்க முடியாது. ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் கருவியில் வைத்தேன். மரகதம் என்றால் 1.58 பக்கம் நிற்க வேண்டும். இது 1.62, 1.64 என்று இரண்டு கோடு காட்டியது. லென்ஸில் பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது கல்லின் அடிப்பக்கத்துப் பட்டை விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. டூர்மலினில் அப்படித் தெரியும், மரகதத்தில் தெரியாது. சந்தேகமே இல்லை.

அண்ணன்காரர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கொஞ்சம் வாங்க என்று என்னை வெளியே அழைத்தார். "தம்பி, பிரிச்சு முடிஞ்ச விஷயம். அவ உம்மா ஞாபகமா வச்சிக்கப் போறா, விக்கப் போறதில்ல. மரகதம்னே எழுதிக் குடுத்துடுங்க. எதுக்கு அவ மனசை நோகடிக்கணும்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தங்கையின் மனதை நினைத்துத்தான் பாதி சொன்னார். மறு பாதி என்ன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஈரமான தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியிடம் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கேட்ட கேள்வியை நாம் எல்லாரும் மதரஸாவில் படித்திருக்கிறோம். நான் அவரிடம், "காக்கா, மூணு பேருக்கும் ஒண்ணாத்தான் படிச்சுக் காட்டுவேன்" என்று மட்டும் சொன்னேன். உள்ளே வந்து, "பச்சை டூர்மலின், இயற்கையான கல்" என்று எழுதி, அதற்கு இன்றைய விலை என்ன, அதே அளவில் மரகதம் என்றால் என்ன என்று இரண்டையும் வாசித்தேன். இரண்டு விலைக்கும் நடுவே ஒரு வளையல் ஜோடி இருந்தது.

இளைய லாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது கண்ணாடி இல்லையே?" என்று கேட்டார். இல்லை, மண்ணுக்குள் விளைந்த நல்ல கல், பெயர்தான் வேறு என்றேன். மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டார். வளையல் கணக்கை மூத்தவர் அன்றிரவே மறுபடி எழுதச் சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அண்ணன்காரர் அதன் பிறகு என் கடைக்கு வருவதில்லை. டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பார்த்தால் ஸலாம் சொல்வார்.

இதை ஏன் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன் என்றால், நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. சங்கத்தைத் தொடங்கியவர்களின் வீடுகளில் இப்போதுதான் நகைப் பெட்டிகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அந்தப் பெட்டிகளில் இருக்கும் கற்களுக்கு ரசீது இல்லை. "வாப்பா மாணிக்கம்னு சொன்னாங்க" என்பதுதான் ரசீது. வாப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார்; அவருக்கு விற்றவரும்கூடப் பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம். கையில் கருவி இல்லாத காலத்தில் சிவப்பு என்றால் மாணிக்கம், பச்சை என்றால் மரகதம்.

ஆகவே செயலவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையைக் கொடுங்கள். நான் கருவிகளோடு வந்து உட்கார்கிறேன். உறுப்பினர் குடும்பங்கள் பழைய கல் நகைகளைக் கொண்டு வரட்டும். என்ன கல் என்று மட்டும் சொல்வேன். அன்று வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன். பாகம் பிரிக்கும் முன்னால் வாருங்கள், பிரித்த பின் வந்தால் எனக்கும் சங்கடம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. டூர்மலினில் நிறத்தை மாற்றச் சூடு காட்டுவது உண்டு, ரோஜா நிறம் கூடக் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. இவை சந்தையில் வழக்கம்தான், கேட்டால் சொல்ல வேண்டும். விரிசலில் பிசின் நிரப்பியிருந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். விலையும் குறைய வேண்டும். ரசீதில் "கல் மோதிரம் ஒன்று" என்று எழுதினால் வாங்காதீர்கள். கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, என்ன செய்திருக்கிறார்கள், நான்கும் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால்தான் பிரச்சினை என்று வரும்போது சிறு உரிமைகோரல் மன்றத்துக்குப் போக வழி உண்டு. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் இங்கே விலையுயர்ந்த கல், உலோகம் விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் வாங்கினால் தெரிவிக்கவும் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கழுவுவதைப் பற்றியும் கேட்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய பிரஷ். அதிர்வில் சுத்தம் செய்யும் மெஷினில் போடாதீர்கள், உள் விரிசல் பெரிதாகும். இன்னொன்று, கடைக் கண்ணாடிக்குள் விளக்குச் சூட்டில் இருக்கும்போது இந்தக் கல் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தூசி பிடிக்கும். ஏன் என்று பாலிடெக்னிக் போகப் போகும் தம்பிகள் இப்போது சொல்லிவிடுவீர்கள்.

கோமேதகம் போட்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் அதையும் ஒரு தடவை காட்டுங்கள். அசல் கோமேதகத்தில் அடிப்பட்டை விளிம்பு ஒற்றையாகத் தெரியும். இரட்டையாகத் தெரிந்தால் அது இலங்கைப் பழுப்பு டூர்மலினாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், கல் கெட்டுப் போய்விடவில்லை.

அந்த மேசையில் ஏழு டூர்மலின் வைத்திருக்கிறேன். ஒரு மேசை விளக்கும், தட்டில் கொஞ்சம் சாம்பிராணிச் சாம்பலும் இருக்கின்றன. கல் சூடாக ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் முதலில் வரிசையில் வாருங்கள், பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். கறுப்புக் கல்லை மட்டும் யாரும் கீழே போட்டுவிடாதீர்கள், அது பாட்டனாருடையது.